மைலோ எதைப் பார்த்துக் குரைக்கிறாள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், அதைத் தாண்டித் துருப்பிடித்த கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவில் நிறைய வீடுகளின் பின்பக்கம் இப்படித்தான் இருக்கும். 2007இல் ஊர்ப் பெயரை மாற்றினார்கள், ஆனாலும் எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான், அதையும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள், "பத்தாங்" என்று நிறுத்திக்கொள்வார்கள்.

மைலோ எங்கள் நாய். மைலோ என்கிற சாக்லெட் பானம் குடித்த கோப்பையின் அடியில் தங்குமே, அந்த நிறம், அதனால் அந்தப் பெயர், என் அண்ணன் மகள் வைத்தது. கடைவரிசைக்குப் பின்னால் கிடந்த குட்டி, என்ன ஜாதி என்று கேட்டால் ரோட்டு ஜாதி என்று சொல்லிவிடுவோம். காது ஒன்று நிற்கும், ஒன்று மடங்கியிருக்கும். தபால்காரரைப் பார்த்தால் குரைக்க மாட்டாள், கேஸ் தோம்பு (சிலிண்டர்) கொண்டுவரும் பையனைப் பார்த்தால் வாலாட்டுவாள், ஆக காவல் நாய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பின்பக்கம் என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள். எது வந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும், அதைவிட முக்கியம், வந்தது எது என்பதை அவள் குரலிலேயே நாங்கள் தெரிந்துகொள்ளலாம். உடும்புக்கு ஒரு குரல், குரங்குக்கு ஒரு குரல், பாம்புக்கு வேறு. எலிக்குக் குரலே கிடையாது. எலி என்றால் சத்தமில்லாமல் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

இத்தனை வருடம் அவள் பின்னாலேயே ஓடிப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் பின்பக்கத்துக்கு வரும் எல்லாமே ஏதோ ஒரு வழியில் அந்த எலியிடம் போய் முடிகிறது. பாம்பு வருவது எலிக்காக, ஆந்தை வருவது எலிக்காக, எங்களுக்குப் பெரிய செலவும் பயமும் வைத்த சமாச்சாரமும் எலிக்காக வைக்கப்பட்டதுதான். எலி எதற்காக இருக்கிறது என்றால், செம்பனைக்காக.

செம்பனை இந்த நாட்டு மரமில்லை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மலேசியாவில் வியாபாரத்துக்காக அதை முதன்முதலில் நட்ட தோட்டம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான், தென்னமரம் தோட்டம், 1917இல், நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (எங்கள் வேலிக்குப் பின்னால் இருப்பது அது இல்லை, வேறு தோட்டம், பெயர் வேண்டாம்.) ஆனால் அதற்குப் பிறகும் ரொம்ப காலம் இந்தப் பக்கமெல்லாம் பால்மரம்தான், அதாவது ரப்பர் மரம்தான், நிறைய இருந்தது. 1960களுக்குப் பிறகுதான் பால்மரத்தை வெட்டி வெட்டி செம்பனை நட்டார்கள். பாட்டி உயிரோடு இருந்தபோது சொல்வார், பால்மரக் காட்டில் விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்களாம், பயமெல்லாம் காட்டுப்பன்றிக்கும் அட்டைக்கும் கொசுவுக்கும்தான். பாம்பு இல்லையா பாட்டி என்று கேட்டால், "இருந்துச்சு, ஆனா இவ்வளவு நாகம் இல்ல" என்பார். அதைச் சும்மா பழைய ஆட்கள் சொல்வது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பால்மரத்தின் கொட்டையை எலி தின்று கொழுக்க முடியாது. செம்பனை அப்படியில்லை. வருடம் முழுக்கப் பழம், பழத்தின் சதை முழுக்க எண்ணெய், மட்டைகளை வெட்டி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதற்கடியில் நிழலும் ஈரமும் ஒளிந்துகொள்ள இடமும். எலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் செம்பனையின் பெண்பூவில் மகரந்தத்தைக் கையால் தூவுவார்கள். மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து பூவில் ஊதிவிடும் வேலை. பாட்டியும் கொஞ்ச காலம் அதைச் செய்திருக்கிறார், மரத்துக்கு மரம் நடந்து. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆண்பூவிலேயே பிறந்து வளர்ந்து, பெண்பூவுக்கும் போய்வரும் வண்டு. அதோடு கையால் தூவும் வேலை போய்விட்டது. அந்த வண்டின் புழுக்கள் வாடிய ஆண்பூங்கொத்தில் மொய்க்கும், அதையும் எலி தின்னும். எண்ணெய்க்கு எண்ணெய், இறைச்சிக்கு இறைச்சி. இந்த மரத்தோடு ஒட்டி வாழும் எலிக்கு விஞ்ஞானப் பெயரே தியோமான் தீவை வைத்துத்தான், ராட்டஸ் டியோமானிக்கஸ். சுற்றுலா போகிற தீவின் பெயர் எலிக்கு எப்படிப் போய் ஒட்டியிருக்கிறது பாருங்கள்.

சரி, மைலோவுக்கு வருவோம்.

உடும்பிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதுதான் அடிக்கடி வருவது. மலாயில் பியாவாக். இங்கே இருப்பது தண்ணீர் உடும்பு, இரண்டு மீட்டரையும் தாண்டி வளரும், எங்கள் லோங்காங் அதற்கு நெடுஞ்சாலை. செத்த மீன், எலி, முட்டை, கோழிக்குஞ்சு, குப்பைப் பையில் இருக்கும் நெத்திலித் தலை, எதையும் விடாது. மைலோவுக்கு உடும்பைக் கண்டால் தாங்காது. தொடர்ச்சியாக, மூச்சே விடாமல், ஒரே சுருதியில் குரைப்பாள். உடும்பு அசையாது. கொஞ்ச நேரம் படுத்திருக்கும், அப்புறம் தொண்டையை உப்பிக்கொண்டு ஸ்ஸ் என்று சீறும், அப்போதும் போகவில்லை என்றால் வாலைச் சுழற்றும். அந்த வால் அடி சாதாரணமில்லை. குட்டியாக இருந்தபோது மைலோவுக்கு முகத்தில் ஒரு அடி விழுந்தது, தோல் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து வாலுக்கு எட்டாத தூரத்தை அவளே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், அந்தத் தூரத்தில் நின்றுதான் சண்டை எல்லாம்.

பக்கத்து வீட்டு பாக்சிக், மலாய்க்கார முஸ்லிம் பெரியவர், கோழி வளர்க்கிறார். அவர் வீட்டில் யாரும் நாயைத் தொட மாட்டார்கள், நாங்களும் மைலோவை வேலிக்கு அந்தப் பக்கம் விட மாட்டோம், இது நாங்கள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டதெல்லாம் இல்லை, அக்கம்பக்கம் என்றால் அப்படித்தான். ஆனால் மைலோ வந்தபிறகு உடும்பு அவர் கோழிக்கூட்டுப் பக்கம் போவது குறைந்துவிட்டது. ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பாகுஸ் லா அஞ்சிங் நி" என்றார், நல்ல நாய்தான் இது என்று. அடுத்த ஹரி ராயா பெருநாளுக்கு ரெண்டாங் இறைச்சியும் லெமாங் சோறும் வந்தபோது, தனியாக ஒரு பையில் கோழிக் கழுத்தும் காலும் வேகவைத்து வந்திருந்தது. யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் உடும்பை அடித்துத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று சொல்லும் ஆட்களும் எங்கள் வரிசையில் உண்டு. அது முடியாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்ணீர் உடும்பும் வருகிறது, மலைப்பாம்பும் வருகிறது, லைசென்ஸ் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், லோங்காங்கில் செத்து நாறுவதையெல்லாம் தின்று சுத்தம் பண்ணுவது யார் என்று நினைக்கிறீர்கள்? நகராண்மைக் கழகமா?

தேரை இரவு சமாச்சாரம். பின்வாசல் விளக்குக்கு வரும் ஈசலையும் பூச்சியையும் தின்ன சுவரோரமாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். மைலோவுக்கு இது தெரியாத காலத்தில் ஒன்றை வாயில் கவ்விவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வாயெல்லாம் நுரை, தலையை உதறுகிறாள், ஈறு செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறதே, அது நச்சுச் சுரப்பி. கவ்வினால் வெள்ளையாகப் பால் மாதிரி வரும், இதயத்தைப் பாதிக்கக்கூடிய நஞ்சு. செய்ய வேண்டியது, தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர்க் குழாயை வாயின் பக்கவாட்டில் வைத்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழியும்படி கழுவுவது, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைப்பது, அப்புறம் நடை தள்ளாடினாலோ உடம்பு இழுத்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுவது. மைலோவுக்கு நுரையோடு போயிற்று. இப்போதெல்லாம் தேரை தன் சோற்றுத் தட்டிலேயே ஏறி உட்கார்ந்தாலும் அவள் தள்ளி நின்று என்னைப் பார்ப்பாள், இதை எடு என்கிற மாதிரி.

தேரை இருந்தால் நாகம் வரும். எலிக்கு அடுத்தபடி அதற்குப் பிடித்த சாப்பாடு அது. இங்கே இருக்கும் நாகம் துப்பும் நாகம், கறுப்பு, சில சமயம் நல்ல பளபளப்பான கறுப்பு. படம் எடுத்து நின்று, நேராகக் கண்ணைப் பார்த்து நஞ்சைப் பீய்ச்சும். எங்கள் வீட்டில் சலவை மெஷின் பின்வாசலில் இருக்கிறது, அதற்குப் பின்னால் வெதுவெதுப்பாக இருக்குமோ என்னவோ, அங்கே வந்து படுத்துவிட்டது. அன்றைக்கு மைலோவின் குரலே வேறு. குரைப்பு இல்லை, இடைவெளி விட்டு விட்டு, கீழ்ஸ்தாயியில் ஒரு ஊஃப், அப்புறம் பின்னால் ஒரு அடி, மறுபடி ஒரு ஊஃப். அம்மாதான் உள்ளேயிருந்து, "ஏய், போகாத! அது பாம்புக்குக் குரைக்கிற குரைப்பு" என்றார். நான் விளக்கைப் போடுவதற்குள் அது துப்பிவிட்டது.

மைலோ கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கிறாள், தேய்த்தால் இன்னும் மோசம். கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்பக்கம் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து, வேகம் இல்லாமல், கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். நடுவில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, "தாய்ப்பால் விடணும்டி, மூணாவது வீட்டுல பிள்ளை பெத்தவ இருக்கா, கேட்டு வாங்கியாரவா?" என்கிறார். வேண்டாம் அக்கா, தண்ணீர் போதும், தண்ணீர்தான் வேண்டும். பாலோ எலுமிச்சையோ எண்ணெயோ எதுவும் அதற்கு மருந்தில்லை. மறுநாள் காலையில் டாக்டர் கண்ணில் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தை விட்டு, நீல விளக்கில் பார்த்து, விழிப்படலத்தில் சின்னப் புண் இருக்கிறது, ஆறிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஆறியது. கடித்திருந்தால் கதை வேறு. பாம்புக்கடிக்கான நச்சு முறிவு மருந்து எல்லாக் கால்நடை கிளினிக்கிலும் இருக்காது, இருந்தாலும் விலை கையைக் கடிக்கும்.

பாம்பைப் பிடிக்க இந்த ஊரில் ஆள் தேட வேண்டியதில்லை. தீயணைப்புக்காரர்களும் பொதுத் தற்காப்புப் படைக்காரர்களும் போன் போட்டால் வருவார்கள். அன்றைக்கு வந்த பையன், கையில் கொக்கிக் கம்பி, முகத்துக்குக் கண்ணாடி மூடி, ஒரு சாக்கு, அவ்வளவுதான், சலவை மெஷினை நகர்த்தி, பேசிக்கொண்டே பிடித்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். போகும்போது அம்மாவிடம், "வீட்டைச் சுத்தி எலி நிறைய இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டான். பாருங்கள், அவனும் எலியில்தான் வந்து நிற்கிறான்.

மலைப்பாம்பு இன்னொரு கணக்கு. செம்பனைக்குள் மலைப்பாம்பு ஏன் இவ்வளவு இருக்கிறது என்றால் அதே எலிதான் காரணம், குட்டியாக இருக்கும்போது எலி, பெரிதானால் அதற்கு எலி ஒரு வாய்க்குக் காணாது, கோழி, பூனை, நாய் என்று போகும். பின்வரிசையில் ஒரு வீட்டில் சின்ன நாய் ஒன்று ராத்திரி காணாமல் போய், காலையில் லோங்காங் சிமெண்டுக் குழாய்க்குள் வயிறு புடைத்த மலைப்பாம்பு கிடந்தது. அதிலிருந்து மைலோ ராத்திரியில் வீட்டுக்குள்ளேதான். நாய் வெளியில் படுத்தால்தான் காவல் என்பவர்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை. உள்ளே படுத்தாலும் அவளுக்குக் காதும் மூக்கும் வேலை செய்கிறது.

மரநாயை நாங்கள் கண்ணால் பார்த்தது குறைவு, மைலோ வழியாகக் கேட்டதுதான் அதிகம். கூரை மேல் குடுகுடுவென்று ஓடும் சத்தம், உடனே மைலோ முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் தலையை மேலே தூக்கிக்கொண்டு நடப்பாள். இந்தப் பிராணியை மூசாங் என்பார்கள், உடம்பில் பண்டான் இலை மாதிரி ஒரு வாசனை, செம்பனைப் பழமும் தின்னும், எலியும் தின்னும், எங்கள் பப்பாளியையும் விடாது. அதன் எச்சத்தில் செம்பனைக் கொட்டை அப்படியே வரும். காபிக்கொட்டையாக இருந்தால் மூசாங் காபி என்று லட்சக்கணக்கில் விற்கலாம், நம் தலையெழுத்து செம்பனைக் கொட்டை.

குரங்குக்கு வருகிறேன். மைலோ தோற்றுப்போகும் ஒரே இடம் இதுதான். நீண்ட வால் குரங்குகள் கூட்டமாக வேலியில் வந்து உட்காரும், ஒன்று மைலோவைப் பார்த்துப் பல்லைக் காட்டும், அவள் அந்தப் பக்கம் பாய்ந்ததும் இன்னொன்று இந்தப் பக்கம் இறங்கி பூஜை வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய் என்னைப் பார்ப்பாள். நான் என்ன செய்ய, என்னாலேயே முடியவில்லை. அம்மாவுக்கு அது ஆஞ்சநேயர், அதனால் கல் எடுத்து அடிக்கவும் விட மாட்டார், வாழைப்பழம் போனதற்குப் புலம்பாமலும் இருக்க மாட்டார்.

குரங்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பேராக்கில் செகாரிப் பக்கம் இருக்கும் காட்டோரச் செம்பனைத் தோட்டங்களில் பெரூக் குரங்குகளை, அதாவது பன்றிவால் மாதிரிக் குட்டை வால் உள்ள குரங்குகளை, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. தோட்டக்காரர்கள் அந்தக் குரங்கைப் பழம் திருடன் என்றுதான் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது தின்னும் பழம் விளைச்சலில் 0.56 சதவீதம். எலியால் போவது சுமார் 10 சதவீதம். அதே குரங்கு மட்டை இடுக்குகளைப் பிரித்துப் பிரித்து எலி பிடித்துத் தின்கிறது, ஒரு கூட்டம் வருடத்துக்குச் சுமார் 3,000 எலி. குரங்கு வந்துபோகும் இடத்தில் எலி முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வருவது அந்த ஜாதியில்லை, வாழைப்பழ ஜாதி. இருந்தாலும் இதைப் படித்தபிறகு தோட்டத்துக்குள் குரங்கைச் சுடச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

எலியை ஒழிக்க தோட்டத்தில் செய்வது இரண்டு. ஒன்று ஆந்தை. செம்பனை வரிசைகளுக்கு நடுவில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்களே, அது கூகை குடியிருக்க. இதய வடிவத்தில் வெள்ளை முகம், ராத்திரியில் பறந்தால் இறக்கைச் சத்தமே கேட்காது. மைலோவுக்கு ஆந்தை மேல் எந்த அக்கறையும் இல்லை, ஆனால் அது கக்குவதன் மேல் பெரிய அக்கறை. எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய் வழியே துப்பும். வேலியோரக் கம்பத்தின் கீழே கிடக்கும் அந்த உருண்டைகளை எப்படியோ எடுத்துக்கொண்டு வந்து சோபாவின்கீழ் சேர்த்து வைப்பாள். ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்துப் பார்த்தோம், அண்ணன் மகளின் பள்ளிப் பாடத்துக்காக. குட்டி குட்டி மண்டையோடு, ஆரஞ்சு நிற முன்பற்களோடு. அவளுடைய டீச்சர் அதை வகுப்பில் வைக்கச் சம்மதித்தாரே, அதைத்தான் பாராட்ட வேண்டும்.

இன்னொன்று மருந்து. எலிமருந்து கலந்த மெழுகுக் கட்டியை மரத்துக்கு ஒன்று வீதம் அடியில் வைப்பார்கள், சில நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்து, தின்றிருந்தால் மறுபடி வைப்பார்கள், தின்னும் அளவு நூற்றுக்கு இருபதுக்குக் கீழே வரும்வரை. முன்பெல்லாம் வார்ஃபரின். எலிகள் அதற்குப் பழகிப்போனதால் அதைவிடக் கடுமையான இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன, புரோடிஃபாகூம் மாதிரி. இவை தின்ற எலியின் ஈரலில் ரொம்ப நாள் தங்கும், அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் போகும். எலியைப் பிடிக்க ஆந்தையை வைத்து, ஆந்தை தின்னும் எலியில் மருந்தையும் வைத்தால் என்ன நடக்கும் என்று கேட்பதற்கு விஞ்ஞானி வேண்டுமா?

எலி அந்தக் கட்டியை அங்கேயே தின்னாது. இழுத்துக்கொண்டு போகும், பாதி வழியில் போடும். லோங்காங் ஓரத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் மைலோ தின்றிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் காலையில் போன மலத்தில் நீல நிறம் இருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தார். மருந்துக் கட்டியில் போடும் சாயம் அது. அப்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள், ஓடினாள், சாப்பிட்டாள். இந்த மருந்தின் சூழ்ச்சியே அதுதான். ரத்தத்தை உறைய வைக்கும் வேலைக்கு உடம்புக்கு வைட்டமின் கே வேண்டும், மருந்து அதன் சுழற்சியை நிறுத்திவிடும், ஆனால் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு தீரும்வரை ஒன்றும் தெரியாது. மூன்று நாள், நான்கு நாள், ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், நெஞ்சுக்குள் கசிந்தால் மூச்சு வாங்கும். நீலத்தைப் பார்த்த அன்றே ராவாங்கிலிருக்கும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டதால் தப்பித்தாள். தின்ற ஓரிரு மணி நேரத்தில் என்றால் வாந்தி எடுக்க வைப்பார்கள், எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. வைட்டமின் கே1 ஊசி, அப்புறம் வாரக்கணக்கில் மாத்திரை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்றார் டாக்டர், அம்மா சார்டின் டின்னைத் திறந்து மீனோடு பிசைந்து கொடுத்தார். மாத்திரை முடிந்தபிறகும் ஒருமுறை ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். மைலோவுக்கு மருந்து நின்றதில் வருத்தம், சார்டின் நின்றுவிட்டதே.

தோட்ட ஆபீசில் போய்ச் சொன்னேன், வேலியோர இரண்டு வரிசைக்காவது கட்டி வைக்காதீர்கள், நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, சின்னப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று. கிராணி, அதாவது ஆபீஸ் கிளார்க், நல்ல மனுஷர், எழுதிக்கொண்டார். அடுத்த சுற்றில் வேலியோரத்தில் கட்டி வைக்கவில்லை, அதற்கடுத்த சுற்றில் மறுபடி வைத்துவிட்டார்கள், வேலைக்கு வந்தது புது ஆட்கள், அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையாம். ஒவ்வொரு சுற்றுக்கும் போய்ச் சொல்வதாக இப்போது முடிவு.

இன்னொரு விஷயம், எலி கடிக்கவே வேண்டாம், அதன் மூத்திரமே போதும். கெஞ்சிங் தீக்குஸ், அதாவது எலிக்காய்ச்சல், இங்கே எல்லாருக்கும் தெரியும், மழையில் லோங்காங் நிரம்பி வாசலுக்கு வந்தால் அந்தத் தண்ணீரில் காலை வைக்க விடமாட்டார் அம்மா. அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனுஷனுக்கும் வரலாம், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வருடா வருடம் போடும் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். எலியோரம் வாழும் நாய்க்கு இதைவிட அவசியமான ஊசி கிடையாது.

இவ்வளவு சொன்னபிறகு மைலோ எத்தனை எலி பிடித்திருக்கிறாள் என்று கேட்பீர்கள். கையளவு. பிடித்தாலும் என்ன செய்வதென்று தெரியாமல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். எலி பிடிப்பதில் பாம்பு, ஆந்தை, குரங்கு, மரநாய் எல்லாருக்கும் கீழேதான் அவள். அவள் வேலை எங்களுக்குச் சொல்வது மட்டும்.

இப்போது புதுச் செய்தி, பின்னால் இருக்கும் பிளாக்கை மறுநடவு செய்யப் போகிறார்களாம். செம்பனைக்கு இருபத்தைந்து வருடம் போல ஆனால் உயரம் போய்விடும், குலை வெட்டும் அரிவாள் கோல் எட்டாது, விளைச்சலும் இறங்கும். மண்வெட்டி யந்திரம் வந்து மரத்தைச் சாய்த்து, தண்டைத் துண்டு துண்டாகச் சீவிப் பரப்பிவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், ராத்திரியில் விளக்குக்குப் பறந்து வரும், மைலோ அதைக் கரகரவென்று கடித்துத் தின்னப் போகிறாள், அது எனக்கு இப்போதே கேட்கிறது. இளங்கன்றின் குருத்துக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வரும். முள்ளம்பன்றியிடம் போய் மூக்கை நீட்டிவிடுவாளோ என்பதுதான் எனக்குக் கவலை. பழைய பிளாக்கில் இருந்த எலிக்கும் பாம்புக்கும் வேறு இடம் வேண்டும், பக்கத்தில் இருப்பது எங்கள் வரிசை வீடுகள்தான்.

அதனால் வேலியை மாற்றலாம் என்று ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பேசினேன். அடியில் ஒரு அடி சிமெண்டு, அதன்மேல் நெருக்கமான கம்பிவலை, பாம்புக் குட்டி நுழையாத அளவுக்கு. பாக்சிக்கும் அவர் பக்கத்துக்குச் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டார், செலவில் பாதி தருகிறேன் என்கிறார். ஆள் வந்து அளந்துவிட்டு, "இவ்வளவு தடிப்பா எதுக்கு அக்கா, நாய் ஓடிப்போகுதா?" என்று கேட்டான். நாய் எங்கேயும் போகாது தம்பி, வருகிறவர்களுக்காகத்தான் என்றேன். அடுத்த வாரம் விலை சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.